விற்கப் போகும் வீட்டை என்ஜினீயரிடம் காட்டலாமா?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது பட்டா. அடுத்தது வில்லங்கச் சான்று. சுவரைத் தட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. விற்பவர்களில் சிலரோ, விரிசல் மீது சுண்ணாம்பைப் பூசிவிட்டு விலை பேசுகிறார்கள்.

இது சரியா?

சட்டம் சொல்வது என்ன?

1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. விற்பவருக்குத் தெரிந்த பெரிய குறை, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறை இருக்குமானால், அதைச் சொல்லியே தீரவேண்டும். மறைத்தால் மோசடி!

"அப்படியானால் பரிசோதிக்காமல் இருப்பதே மேல். தெரியாததைச் சொல்ல வேண்டாமே!" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பத்து வருஷம் ஒழுகும் வீட்டில் குடியிருந்துவிட்டு, "எனக்குத் தெரியாது" என்றால் யார் நம்புவார்கள்?

வாங்குபவர் கடன் கேட்டால், பாங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். முன்பணம் வாங்கிய பிறகு குறை வெளிப்பட்டால் பேரம் முறியலாம்; விலையும் இறங்கலாம்.

கம்பியைத் தின்னும் உப்பு

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்தது 1960-களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. உப்பு நீரில் கான்கிரீட் குழைத்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருக்கும். கான்கிரீட் வெடித்துப் பெயரும். கூரையில் பழுப்புக் கறை தெரிந்தால் அதுவே எச்சரிக்கை.

முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த திருவொற்றியூரில், 2021 டிசம்பர் 27-ந்தேதி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்தது. 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால் ஒரு உயிரும் போகவில்லை. விரிசலை அலட்சியம் செய்திருந்தால்?

டென்மார்க் வழி

டென்மார்க் நாட்டில் 1996 முதல் ஒரு ஏற்பாடு உண்டு. விற்பவரே வீட்டைப் பரிசோதித்து அறிக்கை தரலாம். காப்புறுதி ஏற்பாட்டையும் சேர்த்துக் கொடுத்தால், பிற்பாடு வெளிப்படும் மறைவான குறைகளுக்குப் பெரும்பாலும் அவர் பொறுப்பல்ல.

யாருக்குத் தேவை?

இடித்துவிட்டு மனையாக விற்பதானால் பரிசோதனை வீண் செலவு. பழைய வீடு, உப்பு நீர்ப் பகுதி, சாய்வான விரிசல், கம்பி தெரியும் தளம் - இவற்றில் ஒன்று இருந்தாலும் என்ஜினீயரை அழையுங்கள். அதற்குள் விரிசலின் குறுக்கே காகிதம் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். காகிதம் கிழிந்தால் விரிசல் வளர்கிறது!

அறிக்கையை வாங்குபவரிடம் காட்டி, அவர் கையொப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள். குறையைச் சொல்லி விற்றால் கொஞ்சம் பணம் குறையலாம். மறைத்து விற்றால் கோர்ட்டு வாசலில் நிற்க நேரலாம்.