அது எந்த 'க'ங்க?

கொல்லிமலை வளப்பூர் நாட்டுல இருக்கிற நண்பர் ஒருத்தர், பாட்டு கத்துக்கிற தன் பொண்ணுக்காக 72 மேளகர்த்தா ராகத்துக்கும் அட்டை போட்டிருக்கார். முன்பக்கம் ராகத்தோட பேர், பின்பக்கம் ஆரோகண அவரோகணம். டீச்சர் இருக்கிறது மலைக்குக் கீழே. 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வாரத்துக்கு ஒருநாள் பாடம். மிச்ச ஆறு நாளும் அட்டைதான் டீச்சர். அதனாலதான் சொல்றேன், இந்த அட்டை பத்தாது.

மொதல்ல பேர். மேளகர்த்தாவுல பேருக்குள்ளயே எண் ஒளிஞ்சிருக்கு, கடபயாதின்னு சொல்வாங்க. முதல் ரெண்டு எழுத்துக்கான எண்ணை எடுத்துத் திருப்பிப் போடணும். மாயாமாளவகௌளையில மா 5, யா 1. திருப்பினா 15. எண் தெரிஞ்சா ஸ்வரத்தையும் கண்டுபிடிச்சிடலாம். அருமையான ஏற்பாடு, ஆனா தமிழ்ல எழுதினா காலை வாரிடும் :-)

கீரவாணி, கரகரப்பிரியா, கௌரிமனோகரி. மூணுமே நமக்கு க-வும் ர-வும்தான். வடமொழியில முதல் க-வுக்கு 1, ரெண்டாவதுக்கு 2, மூணாவதுக்கு 3. ர-வுக்கு எப்பவும் 2. அதனால கீரவாணி 21, கரகரப்பிரியா 22, கௌரிமனோகரி 23. மூணுலயும் ரி, க, ம ஒண்ணுதான். தைவதமும் நிஷாதமும்தான் ஆளை அடையாளம் காட்டும். கரகரப்பிரியாவை வெறும் 'க'ன்னு எடுத்துக்கிட்டா பொண்ணு நேரா கீரவாணியில போய் நிப்பா. சுத்த தைவதம், காகலி நிஷாதம்னு ரெண்டு ஸ்வரமும் தப்பு. ஆறு நாள் அப்படிப் பாடிட்டா ஏழாவது நாள் டீச்சர் பாடு திண்டாட்டம்.

இதுக்காக இங்கிலீஷ்ல எழுதுன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். தேவையே இல்லை. பழைய கீர்த்தனைப் புத்தகங்கள்ல போடற மாதிரி எழுத்துப் பக்கத்துல குட்டியா எண் போடுங்க: க2ரகரப்பிரியா, கௌ3ரிமனோகரி. முடிஞ்சது வேலை.

அடுத்தது பின்பக்கம். அவங்க மலையோட பேர்லயே ஒரு தேவாரப் பண் இருக்கு, கொல்லி. அப்பர் திருவதிகையில சூலை நோய் தீரப் பாடின முதல் பதிகம் இந்தப் பண்தான். இப்ப நவரோஜ் ராகத்துல பாடறாங்க. பேர்ப் பொருத்தத்துக்காகவே கட்டுல முதல் அட்டையா இதை வைக்கச் சொன்னேன். நவரோஜுக்கும் சங்கராபரணத்துக்கும் அதே ஏழு ஸ்வரம். ஆனா நவரோஜ் கீழ்ப் பஞ்சமத்துல கிளம்பி நடுப் பஞ்சமத்தோட திரும்பிடும், மேல் ஸட்ஜம் பக்கமே போகாது. ஸ்வரத்தை மட்டும் எழுதி வச்சா பொண்ணு ஸட்ஜத்துலேர்ந்து ஸட்ஜம் வரைக்கும் சங்கராபரணத்தைத்தான் பாடுவா. அதனால எங்கே ஆரம்பிக்கணும், எங்கே திரும்பணும், டீச்சர் சொல்லிக்கொடுத்த பதிகத்துல முதல் வரி எது, இதெல்லாம் பின்பக்கம் வேணும்.

பாடாம அட்டையைத் திருப்பக் கூடாது. மனசுக்குள்ள 'தெரியும்'னு சொல்றது கணக்குல வராது. நண்பருக்கு சங்கீதம் தெரியாது, யார் திருத்தறதுன்னு கேட்டார். டீச்சர் பாடினதை செல்போன்ல பதிஞ்சு, அந்தப் பதிவோட எண்ணை அட்டை மூலையில எழுதிட்டா பொண்ணே ஒத்துப் பார்த்துக்குவா. சரியா வந்த அட்டை நாலு நாள் தள்ளிப் போகட்டும், தடுக்கினது நாளைக்கே வரட்டும்.

72-ம் இப்ப வேண்டாம், பத்து போதும். மாயாமாளவகௌளை அட்டையைக் கட்டுலேர்ந்து உருவிடுங்க. சரளி வரிசையில தினமும் அதைத்தானே பாடிக்கிட்டிருக்கா!