அப்பாவுக்குக் கேட்காத வசனம்

அப்பாவுக்கு 72 வயது. புது வீட்டு ஹாலில் 5.1 ஹோம் தியேட்டர் மாட்டிய மறுநாளே, "பாட்டு காதைப் பிளக்குது, பேசறது ஒண்ணும் புரியல" என்று எழுந்து போய்விட்டார். வயசாச்சு, காது மந்தம் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

பிரச்னை டி.வி. அலமாரியில் இருந்தது! சினிமாவில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதைப் போய் அழகுக்காகக் கண்ணாடிக் கதவுக்குள் வைத்திருந்தோம். பின்னால் ஒலிக்க வேண்டிய இரண்டும் கூரையோரம் தொங்கின.

நண்பர் சொல்லி வேறொரு டெக்னீஷியன் வந்தார். நடு ஸ்பீக்கரை வெளியே எடுத்து, பலகை விளிம்பில் வைத்து, முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தார். கூரையோர ஸ்பீக்கர்களை இறக்கி, சோபாவின் இரு பக்கமும் காதுக்குச் சற்று மேலே மாட்டினார். பிறகு, அப்பா உட்காரும் இடத்தில் தலை உயரத்துக்கு மைக் வைத்தார். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 'உஸ்' என்று ஒலிக்க, ரிசீவரே தூரத்தையும் சத்தத்தையும் அளந்து சரிசெய்துகொண்டது. கடைசியில் நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் கூட்டினார்.

வாங்கும்போதே, "மைக் வைத்து செட் செய்து தருவீர்களா?" என்று கேளுங்கள். வீடு கட்டுபவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே ஸ்பீக்கர் வயருக்குத் தனி பைப் பதித்துவிடுங்கள். கரன்ட் வயரோடு சேர்க்காதீர்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலை பெரிது, குறுகிய பைப்பில் நுழையாது.

அப்பாவின் காதையும் பரிசோதித்தோம். லேசான குறைபாடு இருக்கிறதுதான். ஆனால், நேற்று ராத்திரி முழுப் படமும் பார்த்தார். நடுவில் பேசிய எங்களைத்தான் அதட்டினார்.