பகடியும் வதையும்



நம் தமிழ்ப்பள்ளிகளிலும் நாளிதழ்களிலும் 'பகடிவதை' என்னும் சொல் வேரூன்றிவிட்டது. 'புல்லியிங்' என்பதற்கு நாம் வழங்கும் தமிழ்ச்சொல் இது. ஆனால், இச்சொல்லின் பொருளை நாம் சரியாக உணர்ந்திருக்கிறோமா?

'பகடி' என்றால் கேலி, பரிகாசம். யாழ்ப்பாணத்தார் இதனைப் 'பகிடி' என்பர். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்துவது 'பகிடிவதை' எனப்படுகிறது. அதனைத் தடுக்க அந்நாடு 1998-இல் தனிச்சட்டமே இயற்றியது.

ஒரு மாணவனை அடிப்பதிலும் அவனுடைய சில்லறையைப் பறிப்பதிலும் பகடி எங்கே இருக்கிறது? அவற்றையும் பகடிவதை என்று எழுதும்போது, சொல்லின் முற்பாதி குற்றத்தின் கனத்தைக் குறைத்துவிடுகிறது. ஆதலால், கட்டொழுங்கு ஆசிரியரின் குறிப்பேட்டில் 'அடித்தான்', 'பணம் பறித்தான்', 'மிரட்டினான்' என்று நடந்ததை நடந்தவாறே எழுதுவதே முறை.

மறுபுறம், கேலியும் வதையாகும் என்பதை இச்சொல்லே நமக்கு உணர்த்துகிறது. "சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன், டீச்சர்" என்னும் பதிலோடு விசாரணையை முடித்துவிடுவது தகுமா?

தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய அவற்றுள் எள்ளலே முதலாவது. பிறரை எள்ளி நகுவதோடு, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதும் எள்ளலில் அடங்கும் என்று உரை வகுத்தார் பேராசிரியர். எள்ளப்பட்டவனும் உடன் சிரித்தால் அது விளையாட்டு என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடலாம். ஆனால், பத்து வயதுப் பிள்ளை அவமானத்தை மறைப்பதற்காகவும் சிரிக்கும். எனவே சிரிப்பை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. 'வேண்டாம்' என்றதும் கேலி நிற்கிறதா? கேலிக்கு ஆளானவன் அதே உரிமையோடு திருப்பிக் கேலி செய்ய முடிகிறதா? இவ்விரண்டும் இல்லையெனில் அது வதையே.

விளையாட்டாகக்கூட இகழ்தல் துன்பம் தரும் என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் கூறுகிறார். குறளை மனனம் செய்விக்கும் நாமே நிறத்தையும் உடலையும் வைத்து வகுப்பில் ஒரு மாணவனை அழைத்தால், பிள்ளைகள் எதனைக் கற்பார்கள்? வீட்டில் செல்லமாக வைத்த 'கறுப்பன்', 'குண்டன்' போன்ற பெயர்களும் பள்ளிக்கு வந்தால் ஆயுதமாகிவிடும். பெற்றோர்களே, பிள்ளையை அதன் பெயர் சொல்லி அழையுங்கள். ஆசிரியர்களே, முதல் பட்டப்பெயர் காதில் விழும்போதே கண்டியுங்கள். வதைக்கு அதுவே முதற்படி.