ஒரே சட்டை, இரண்டு மனம்

உலகச் சைக்கிள் பந்தயத்தில் வென்றவருக்குக் கிடைக்கும் பெரும் பரிசு ஒரு சட்டைதான். வெள்ளைத் துணியில் நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என ஐந்து வர்ணப் பட்டைகள். அடுத்த பந்தயம் வரையில் அதை அணியும் உரிமை அவருக்கே உண்டு. தொழில்முறை வீரர்களுக்கான இப்பந்தயம் 1927-இல் ஜெர்மனியில் ஆரம்பமாயிற்று. முதல் நான்கு ஸ்தானங்களையும் இத்தாலியரே கைப்பற்றினர். முதல்வர் ஆல்பிரெடோ பிண்டா.

இதில் ஒரு விசேஷம் உண்டு. ஆண்டு முழுவதும் வெவ்வேறு கம்பெனிகளிடம் சம்பளம் பெற்று, ஒருவரையொருவர் எதிர்த்து ஓடுகிறவர்கள், அன்று ஒரு நாள் மட்டும் தேசத்தின் சட்டையை அணிந்து ஒரே கோஷ்டியாக ஓடவேண்டும். சட்டையை மாற்றுவது எளிது. மனத்தை மாற்றுவது எளிதா?

1948-இல் ஹாலந்திலுள்ள வால்கன்பர்க்கில் இதற்கு விடை கிடைத்தது. இத்தாலியக் கோஷ்டியில் இரண்டு மகா வீரர்கள் இருந்தனர்: ஜீனோ பர்த்தாலி, பௌஸ்டோ கோப்பி. முன்னவர் அவ்வாண்டு பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் வென்று வந்தவர். சைக்கிள் பந்தயத்தில் முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துச் செல்வதால், பின்னே ஒட்டி வருபவருக்குச் சிரமம் வெகுவாகக் குறையும். தாம் முன்னே சென்றால் மற்றவருக்கு லாபமாகிவிடுமே என்று இருவருக்கும் கவலை! ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டே பின்தங்கினர். கடைசியில் இருவருமே பந்தயத்தை விட்டு விலகினர். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப் பிழை ஆகவேண்டும் என்ற கதைதான். ஐந்து வர்ணச் சட்டையைப் பெல்ஜியத்தைச் சேர்ந்த பிரீக் ஸ்கோட்டே கொண்டுபோனார். இத்தாலியச் சைக்கிள் சங்கம் தன் வீரர்கள் இருவரையும் சில காலம் பந்தயங்களிலிருந்து விலக்கி வைத்தது.

மறு ஆண்டு பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்திலும் தேசவாரியாகவே கோஷ்டிகள் ஓடின. இத்தாலியருக்குத் தலைமை வகித்து நடத்தியவர் அதே பிண்டா. இருவரையும் ஒரே கோஷ்டியில் சேர்த்து, ஒருவருக்கொருவர் உதவும்படி செய்தார். ஆல்ப்ஸ் மலையில் இருவரும் சேர்ந்தே மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளினர். பிரியான்சோன் நகரில் பர்த்தாலி முதலில் வந்தார். அன்று அவருக்கு 35 வயது நிறைந்த நாள். பந்தய முடிவில் கோப்பி முதலாவது, பர்த்தாலி இரண்டாவது.

அவர்களுடைய போட்டி தீர்ந்துவிட்டதா? இல்லை. ஒரு தேசத்தில் இரண்டு பெரியவர்கள் போட்டியிடுவது குற்றமுமல்ல. தாம் வெல்வதைவிடத் தம்மவர் தோற்பதே முக்கியம் என்று எண்ணும்போதுதான் மூன்றாமவருக்கு வழி பிறக்கிறது.

கோப்பிக்கு 1953-இல் சுவிட்ஜர்லாந்தில் அந்தச் சட்டை கிடைத்தது. பர்த்தாலிக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை.