பிள்ளைக்கு சுர்மா வேண்டாம்



உம்ராவுக்குப் போய் வருபவர்கள் பேரீச்சம்பழத்தோடு சுர்மாப் புட்டியும் கொண்டு வருவார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாற்பது கழியாத பிள்ளைக்கும் அதை இடுகிறோம், சுன்னத் என்று சொல்லி. ஹதீஸில் வருவது இஸ்மித். புட்டியில் அந்தப் பெயரை எழுதிவிட்டால் போதுமா? இன்று விற்கும் சுர்மாக்கள் பலவற்றில் இருப்பது ஈயம். கண்ணைக் கசக்கிய கையைத்தான் பிள்ளை வாயில் வைக்கிறது. கல்சியம் என்று ஏமாந்து உடலும் ஈயத்தை எலும்பிலும் மூளையிலும் சேர்த்துக்கொள்கிறது.

பாதிப்பு உடனே தெரியாது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களை இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள். 11 வயதில் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்தவர்களுக்கு 38 வயதில் அறிவுத்திறன் குறைந்திருந்தது. 45 வயதில் மூளையை ஸ்கேன் எடுத்தபோது அங்கும் மாற்றம் தெரிந்தது. அவர்கள் காலத்தில் பெற்றோலில் ஈயம் இருந்தது. இங்கே அது நின்றது 2002இல்தான். காலி வீதிப் புகையில் வளர்ந்த நமக்கு நம் பங்கு ஏற்கனவே கிடைத்தாயிற்று.

பெயின்டுக்கு 2013 முதல் ஈய வரம்பு இருக்கிறது. உம்ரா பையில் வரும் புட்டியை யார் சோதிப்பது?

எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். உம்மம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.