தனியா வந்தா ரூம் இல்லையா? சங்கரன்கோவிலுக்கு ஏன் வேணும் ஒரு 'பேக்பேக்கர்' ஹாஸ்டல்!

"ஒத்தையாவா வந்திருக்கீக?"

தென் மாவட்டக் கோயில் ஊர்களில், லாட்ஜ் கவுன்ட்டரில் தனியாகப் போய் நிற்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் கேள்வி இதுதான். ஆதார் கார்டை எடுத்து நீட்டும் முன்பே வந்துவிடும். 'ஆமாண்ணே' என்றால் நம்மை மேலும் கீழுமாக ஒரு பார்வை. அப்புறம், "சிங்கிளுக்கு ரூம் கொடுக்கிறதில்ல தம்பி. ஃபேமிலின்னா சொல்லுங்க" என்ற பதில். அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதே இடத்தில் ஒரு பெண் தனியாக நின்றால், கேள்விகள் இன்னும் நாலு கூடும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். பாண்டிச்சேரி, வர்கலா, ஹம்பி, ரிஷிகேஷ் என்று எங்கு போனாலும் 'பேக்பேக்கர் ஹாஸ்டல்' போர்டு. ஒரு ஹாலில் ஆறோ எட்டோ அடுக்குக் கட்டில், ஆளுக்கொரு லாக்கர், பொதுவான பாத்ரூம், மொட்டை மாடியில் காபி. ரூமுக்கு அல்ல, கட்டிலுக்குத்தான் வாடகை. தனியாக வருவதுதான் அங்கே இயல்பு; குடும்பமாகப் போனால்தான் வித்தியாசமாகப் பார்ப்பார்கள். 2013-ல் ஜோத்பூரில் தொடங்கிய 'சோஸ்டல்' மாதிரியான நிறுவனங்கள் இதை இந்தியா முழுக்கப் பரப்பி, இன்று இருபது வயதுக்காரர்களின் பயணமே இந்தக் கட்டில்களை நம்பித்தான் நடக்கிறது.

சங்கரன்கோவிலில் அப்படி ஒரு போர்டை நான் பார்த்ததில்லை. 'இங்க எதுக்குப்பா அதெல்லாம், இது என்ன கோவாவா?' என்று கேட்பீர்கள். கோவாவைவிட இந்த ஊருக்குத்தான் அது அவசரமாக வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு ராத்திரி தங்க வேண்டிய ஊர்

சங்கரநாராயணர் கோயிலும் கோமதி அம்மனும் புற்று மண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஆடித் தபசு என்றால் தென்காசி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. ஊசி முனையில் ஒற்றைக் காலில் தவமிருக்கும் அம்மனின் வலியில் பங்கெடுப்பதாக நம்பி, பிராகாரத்தை 108, 501, 1008 என்று எண்ணிக்கை வைத்துச் சுற்றுகிறார்கள். அதில் பெரும்பகுதி பெண்கள். 1008 சுற்று என்பது ஒரு மூச்சில் முடிகிற காரியமா? தபசு அன்று சாயங்காலம் சங்கரநாராயணர் காட்சி. அதோடு முடியாது, இரவில் சங்கரலிங்கமாக மறுபடியும் காட்சி. அதைப் பார்த்துவிட்டுப் படுக்க ஓர் இடம் வேண்டும். கிடைக்காதவர்கள் பஸ் ஸ்டாண்டிலும் ரத வீதித் திண்ணைகளிலும் துண்டை விரிக்கிறார்கள். ஆம்பளைகளுக்குச் சரி, தனியாக வந்த அக்காவுக்கு?

திருவிழாவை விடுங்கள். சாதாரண நாளில்கூட இந்த ஊர் ஒரு நல்ல மையம். கழுகுமலை பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே பாறையைக் குடைந்து, பாதியிலேயே நின்றுபோன வெட்டுவான் கோயிலும், சமணச் சிற்பங்களும் அங்கே. பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இன்னொரு திசையில். அவர் மறைந்துபோனதாகச் சொல்லப்படும் அறை சங்கரன்கோவில் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, கி.ரா-வின் இடைசெவல், சீசனில் குற்றாலம்... எல்லாம் பஸ்ஸில் போய்விட்டு வரும் தூரம். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் காலையில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது.

ஆனால் வருகிறவர் என்ன செய்கிறார்? இறங்கி, சாமி கும்பிட்டு, மதியம் பிரியாணி சாப்பிட்டு, சாயங்காலம் கிளம்பிவிடுகிறார். (பிரியாணியைத் தப்பு சொல்லவில்லை, அதற்காகவே இறங்குகிறவர்களும் உண்டு.) ஒரு ராத்திரி தங்கினால்தான் டீக்கடை, இட்லிக்கடை, ஆட்டோ, சுங்கிடிச் சேலைக் கடை, பூக்கடை என்று காசு நாலு கைக்குப் போகும். தங்க இடமில்லாத ஊரில் அந்தக் காசு திருநெல்வேலிக்கோ குற்றாலத்துக்கோ போய்ச் சேருகிறது.

இது வெளிநாட்டுச் சரக்கா?

ஹாஸ்டல் யோசனை ஜெர்மனியில் பிறந்ததாகச் சொல்வார்கள். உண்மைதான். 1909-ல் மாணவர்களோடு நடைப்பயணம் போன ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், இடி மழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடங்களை ஏன் பயணிகளுக்குத் திறந்துவிடக் கூடாது என்று யோசித்தார். 1912-ல் ஆல்ட்டெனா கோட்டையில் உலகின் முதல் இளைஞர் ஹாஸ்டல் வந்தது.

நம்மிடம் அதற்கு முன்பே சத்திரம் இருந்தது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-ல் கட்டிய முத்தம்பாள் சத்திரம், ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்குப் படுக்க இடமும் சாப்பாடும் கொடுத்தது. காசியில் நகரத்தார் சத்திரம் 1863-லிருந்து நடக்கிறது. பொது ஹால், பொதுக் கிணறு, வழிப்போக்கர்கள் ஒன்றாகப் படுப்பது... அடுக்குக் கட்டிலும் வைஃபையும் தவிர வேறு என்ன வித்தியாசம்?

ஒரு வித்தியாசம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது நியாயமில்லை. சத்திரத்து வாசலிலும் ஒரு கேள்வி இருந்தது. 'நீ யாரு?' பல சத்திரங்கள் ஒரு சாதிக்கென்று கட்டப்பட்டவை. பொதுச் சத்திரம் என்றாலும் பந்தி தனி, கிணறு தனி. 1940-களின் தொடக்கம் வரை ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச்சாலையிலேயே பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. இன்றைக்கும் தென் மாவட்டங்களில் சமுதாய மண்டபங்களின் பெயர்ப் பலகையைப் படித்தாலே யாருக்கு யார் இடம் கொடுப்பார்கள் என்று புரிந்துவிடும். 'எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ள?' என்று அன்பாகத்தான் விசாரிப்பார்கள். எதற்கு விசாரிக்கிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

சத்திரம் சாதியைக் கேட்டது. லாட்ஜ், குடும்பம் எங்கே என்று கேட்கிறது. சரி, புது ஹாஸ்டல் எதுவும் கேட்காதா? கேட்கும். 'லோக்கல் ஐ.டி-யா, ஸாரி' என்று உள்ளூர் முகவரி உள்ளவர்களைத் திருப்பி அனுப்பும் ஹாஸ்டல்கள் நிறைய. கேட்டால், பயணிகளுக்கான இடம் இது என்பார்கள். ஆப்பில் புக் பண்ணத் தெரிய வேண்டும், கொஞ்சம் இங்கிலீஷ் வேண்டும். நூல் வியாபாரத்துக்கு வந்த ஐம்பது வயது அண்ணாச்சி அந்த மொட்டை மாடியில் போய் உட்கார முடியாது. அதனால்தான், பெரிய நிறுவனம் ஒன்று வந்து இங்கே கிளை திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

லாட்ஜ்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கு

தனி ஆளுக்கு ரூம் மறுப்பதற்கு லாட்ஜ் நடத்துபவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான். யாராவது மனசு உடைந்து வந்து, கதவைப் பூட்டிக்கொண்டு ஏதாவது செய்துகொண்டால்? போலீஸ், விசாரணை, பேப்பரில் பெயர், மாசக்கணக்கில் ஆள் வராத ரூம். கோயில் ஊர்களில் இந்தப் பயம் கற்பனை இல்லை. சின்ன லாட்ஜ் வைத்திருப்பவரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தப் பயத்துக்கே மருந்து பொது ஹால்தான். அங்கே பூட்டிக்கொள்ளக் கதவு கிடையாது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருப்பார், இன்னொருவர் 'சார்ஜர் இருக்கா பிரதர்?' என்பார். மனசு சரியில்லாமல் வந்தவருக்கும் நாலு சுவரைவிட அது மேல்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 டிசம்பரில், கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் வழக்கில், திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியும் 2025 ஜனவரியில் ஓயோ நிறுவனம், மீரட்டில் தொடங்கி, திருமணமாகாத ஜோடிகளை மறுக்கலாம் என்று தன் கூட்டாளி ஹோட்டல்களுக்கு அனுமதி கொடுத்தது. அரசியலமைப்பின் 15(2) பிரிவு, மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் காரணமாக மட்டும் ஒருவரை ஹோட்டலுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. 'தனியாக வந்தவர்' அந்தப் பட்டியலில் இல்லை. தனி ஆணுக்குக் கொடுத்து, தனிப் பெண்ணுக்கு மறுத்தால்? அதைக் கேள்வி கேட்க இடமிருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெண்ணால் கோர்ட்டுக்கா போக முடியும்?

வெளிநாட்டவர் விஷயம் வேறு தலைவலி. அவர்கள் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலைக்குப் பயந்தே 'ஃபாரினருக்கு ரூம் இல்லை' என்று சொல்லிவிடும் சின்ன லாட்ஜ்கள் உண்டு.

வரி விஷயத்தில் மட்டும் சமீபத்தில் கொஞ்சம் ஆறுதல். 1,000 ரூபாய் வரையிலான ரூமுக்கு முன்பு ஜி.எஸ்.டி கிடையாது, 2022 ஜூலையில் 12 சதவிகிதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரை 5 சதவிகிதம்தான். 800 ரூபாய் ரூமுக்கு 96 ரூபாயாக இருந்த வரி 40 ஆனது. நல்லதுதான். ஆனால் ரூமே கொடுக்காதவரிடம் 56 ரூபாய் மிச்சமாகி என்ன பயன்?

பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள்

ஷிர்மான் பார்த்தது விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தை. சங்கரன்கோவிலில் பூட்டிக் கிடப்பது எது? கல்யாண மண்டபம்! ஆடியில் நம்மூரில் கல்யாணம் கிடையாது. தபசுக் கூட்டம் வருவதும் அதே ஆடியில்தான். மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை; செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப சாமிகள் இந்தப் பக்கம் கடப்பதும் அந்த மாதத்தில்தான். ஹால், பாத்ரூம், சமையல் கூடம், தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் தயாராக இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நாற்பது பேர் ஜமுக்காளத்தில் வரிசையாகப் படுத்து எழுந்த இடம்தானே அது?

ஹாலைத் தடுத்துப் பெண்களுக்கு ஒரு பக்கம், அங்கே பெண் பணியாளர், ஆளுக்கொரு இரும்பு லாக்கர், வாசலில் கேமரா, துவைத்த விரிப்பு, மூட்டைப்பூச்சிக்கு மருந்து. ஒரு கட்டிலுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று வாசலில் எழுதிப் போட்ட விலை. அடையாள அட்டை போதும். சாதி, சொந்தம், சோடி எதுவும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை மண்டபம் வைத்திருக்கும் சங்கங்கள் ஏற்குமா என்பதுதான் நிஜமான சிக்கல். அதனால் அறநிலையத் துறையும் நகராட்சியும் முதல் படியைத் தங்கள் கட்டடத்தில் எடுத்து வைத்தால் நல்லது. திருமலையில் பக்தர்களுக்கு இலவச ஹாலும் லாக்கரும் கொடுத்து தேவஸ்தானம் நடத்திக் காட்டுகிறது. ஸ்ரீரங்கத்தில் யாத்ரி நிவாஸ் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் 'தோழி' விடுதிகளை நம் அரசே நடத்துகிறது. பெண்களைப் பத்திரமாகத் தங்கவைக்கத் தெரியாத அரசு இல்லை இது.

இன்னொரு இடைஞ்சல், பெயரிலேயே இருக்கிறது. நம்மூரில் ஹாஸ்டல் என்றால் வார்டன், சாம்பார், ஒன்பது மணிக்குக் கேட் பூட்டு. 2014-ல் வந்த பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் மாதக்கணக்கில் தங்குபவர்களை மனதில் வைத்ததுதான். ஒரு ராத்திரி தங்கிப் போகும் பெண்களுக்காகப் பத்துக் கட்டில் போட நினைப்பவர், எந்த லைசென்ஸுக்கு யாரிடம் போவது? 2023-ல் சுற்றுலாக் கொள்கை வெளியிட்ட அரசு, சின்ன ஊர்களுக்கான இந்தப் பதிலை ஒரே பக்கத்தில் எழுதி மாவட்ட அலுவலகத்தில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

'முன்பின் தெரியாத ஆளோட ஒரே ஹால்ல படுக்கிறதா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சென்னையிலிருந்து பொதிகையில் ஸ்லீப்பர் கோச்சில் வருகிறோமே, அதில் என்ன செய்கிறோம்? எழுபது எண்பது பேரோடு, செருப்பைத் தலைமாட்டில் ஒளித்துவைத்துவிட்டு, மேல் பெர்த்தில் இருப்பவர் யார் எவர் என்று கேட்காமல் விடிய விடியத் தூங்குகிறோம். காலையில் எழுந்து காபியும் வாங்கித் தருகிறோம்.

இந்த வருஷத் தபசுக்குத் தனியாகப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்லைனில் ரூம் 'கன்ஃபர்ம்' ஆனதை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். லாட்ஜுக்கே போன் போட்டு, 'ஒரே ஆள், ஒரு நைட், ஆதார் இருக்கு, கொடுப்பீங்களா?' என்று நேராகக் கேட்டு, பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகும் பெண்கள் திருநெல்வேலியிலோ தென்காசியிலோ ரூம் போட்டுவிட்டு பஸ்ஸில் வந்து போவதுதான் இப்போதைக்கு வழி. இரவுக் காட்சி முடிந்து திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை, இறங்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.