மருத்துவர் பதில்: பூட்டிக்கொண்ட முழங்கால்

கேள்வி: என் கணவருக்கு வயது 36. செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கிறார். இரண்டு வாரங்களுக்கு முன் குலையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, கால் சேற்றில் அழுந்தி முழங்கால் முறுக்கிக்கொண்டது. மறுநாள் வீங்கிவிட்டது. இப்போது வீக்கம் குறைந்தும் காலை முழுதாக நீட்ட முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். என் மாமியார் சுளுக்கு வழிப்பவரை அழைக்கச் சொல்கிறார். இவரோ, கூலி போகிறதே என்று திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்புகிறார். நான் என்ன செய்ய?
– ஒரு சகோதரி, பேராக்

பதில்: சகோதரி, சுளுக்கு வழிப்பவரை அழைக்க வேண்டாம். திங்கட்கிழமை அவர் வேலைக்காட்டுக்கும் போக வேண்டாம், மருத்துவமனைக்குப் போகட்டும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், முழங்காலின் குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம். கோழி எலும்பின் நுனியில் வெள்ளையாக, வழவழப்பாக இருக்குமே, அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் இது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு மெத்தைகள் உண்டு. உடல் பாரத்தைத் தாங்குவது அவற்றின் வேலை. பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் மெத்தை நசுங்கிக் கிழியும். வயதானவர்களுக்குக் குந்தி எழும்போதே கிழிவதுண்டு.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். இந்த மெத்தையைக் காட்டாது. அதற்கு எம்.ஆர்.ஐ. படம் வேண்டும்.

கதவிடுக்கில் துணி சிக்கினால் கதவு சாத்தாது அல்லவா? அதுபோலக் கிழிந்த துண்டு மூட்டுக்குள் சிக்கினால் கால் நீளாது. அதை இழுத்து முறுக்கி உருவினால் கிழிசல் பெரிதாகும். கால் இப்படிப் பூட்டிக்கொண்டால் நாள் கடத்தாமல் எலும்பு நிபுணரைப் பார்க்க வேண்டும். டிரசரிடமோ அரசாங்கக் கிளினிக்கிலோ கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிழிந்தாலே கத்திதான் என்று அஞ்ச வேண்டாம். தேய்மானத்தால் கிழிந்த 146 பேரை வைத்து பின்லாந்தில் ஆராய்ந்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். கிழிசலை வெட்டிச் சீராக்கியவர்களுக்கும், அறுவை நடந்ததுபோல் வெறும் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் ஓராண்டில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் உங்கள் கணவருக்கு இருப்பதுபோல் கால் பூட்டிக்கொண்டால் பெரும்பாலும் அறுவை தேவைப்படும். சிறு துளைகள் வழியாகவே செய்வார்கள். மெத்தையின் வெளி ஓரத்தில்தான் இரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தைக்கலாம். தைத்தால் கடின வேலைக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். துண்டை மட்டும் வெட்டி எடுத்தால் சில வாரங்கள் போதும்.

அதுவரை வீட்டில் செய்யக் கூடியவை: ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். குந்தவோ சம்மணமிடவோ விடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, தொடைத் தசையை 5 விநாடி இறுக்கித் தளர்த்தச் சொல்லுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வலி கூடினால் நிறுத்த வேண்டும். தொடைத் தசை சூம்பினால் முழங்காலுக்குப் பலமில்லை. அறுவைக்குப் பிறகும் பிசியோதெரபி பயிற்சிதான் காலை மீட்டுத் தரும். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கூலிக் கவலைக்கும் வழி உண்டு. இது வேலையில் நடந்த விபத்து. சொக்சோவுக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது முதலாளியின் கடமை. கிராணியிடம் பதிவாயிற்றா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் எம்.சி. இருந்தால், சராசரி நாட்கூலிக் கணக்கில் 80 விழுக்காடு கிடைக்கும். எம்.சி. சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

வேலைக்குத் திரும்பிய பின், பாரத்தோடு இடுப்பை மட்டும் திருப்பாமல், பாதத்தை எடுத்து வைத்து முழு உடம்போடு திரும்பப் பழகட்டும்.